அக்கா இல்லாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் 21, சனி

மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி மதியத்துக்குள் பாளையங்கோட்டை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குத் தாள் கட்டு. பள்ளி திறக்கிறதுக்குள் திருத்தி முடிக்க வேண்டும்.

கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. "அத்தான்!" என்று கூப்பிட்டேன். உள்ளே நாற்காலியோ எதுவோ சாய்கிற சத்தம். அத்தான் காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

"நான்தான் அத்தான். இன்னைக்கு வாரேன்னு சொன்னேம்லா."

"ஆமா. சொன்ன. சொன்ன."

சாவியை எடுக்க மறுபடி உள்ளே போனார். போகும்போது நடை தளர்ந்துவிட்டது. எழுபது தாண்டிய மனுஷன், சர்க்கரை வேறு, இப்படி ஓடலாமா என்று சத்தம் போட்டேன். ஆனால் எனக்காக ஒரு ஆள் ஓடி வந்தது மனசுக்கு நன்றாக இருந்தது. இதை வெளியில் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அக்கா குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தவள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனேன். அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறேன். வீடு கிடக்கிற கிடையைப் பார்க்க முடியவில்லை. அடுப்பு பற்ற வைத்தே நாளாகியிருக்கும் போல. பக்கத்துக் கடை இட்லிப் பொட்டலம் மேசையில் பிரிக்காமல் கிடக்கிறது, எறும்பு மொய்த்து. படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறது. அத்தான் ஹாலில் சாய்வு நாற்காலியிலேயே படுக்கிறாராம்.

பெட்டியை மேற்கு அறையில் வைத்தேன். அக்கா போன வருஷமே எனக்காக வெள்ளையடித்து வைத்த அறை. "மே மாசம் ரிட்டயர் ஆனதும் நேரா இங்க வந்துரு, ஹாஸ்டல் கீஸ்டல்னு அலையாத" என்று சொல்லியிருந்தாள். ஜன்னலுக்குத் திரை இல்லை. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறது. அளவு எடுத்து வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனைக்கு அத்தானைக் கூப்பிட்டேன். வரவில்லை. தனியாகப் போனேன்.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து சொர்ணம் மதினி திரும்பிப் பார்த்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தேனா, பின்னால கிருபா பாடுதாம்மா. அப்படியே அவதான். மேலெல்லாம் சிலுத்துப் போச்சு எனக்கு."

இது புதுசில்லை. சின்ன வயதில் கிணற்றடியிலிருந்து யார் குரல் கொடுத்தாலும் அப்பா, "அது கிருபாவதியா ஜெயவதியா?" என்று கேட்பார். அக்கா கட்டியது எங்கள் அத்தை மகனைத்தான் என்பதால் நாங்கள் இரண்டு பேருமே சின்னதிலிருந்து அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு அப்புறமும் அக்கா அதை மாற்றவில்லை. கல்யாணமான புதிதில் நான் டெலிபோனில் பேசினால் அத்தான் ஏமாந்துபோவார். வீடே சிரிக்கும்.

சபையில் எல்லாரும் கேட்டார்கள்: அத்தான் எப்படி இருக்கார், சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா. எல்லாருக்கும் பதில் சொன்னேன். அவர்தான் பாவம். நான் தங்கைதானே.

அத்தானின் சர்க்கரை மாத்திரை அட்டையைப் பார்த்தேன். வாங்கினது வாங்கினபடி இருக்கிறது. "மறந்துருதேன்" என்கிறார். மறக்கிற ஆள் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இனி காலையும் சாயங்காலமும் நானே கையில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 23, திங்கள்

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்தேன். "இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது ஜெயா. ஸ்டாரும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம்" என்றார் அத்தான். ஊருக்குக் கொடுக்க இல்லை, வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் என்று சொன்னேன். அக்காவின் பக்குவத்திலேயே செய்தேன். வேலை செய்துகொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்திருப்பேன் போல. ஹாலில் டிவி சத்தம் ஏறியது. நான் நிறுத்தினால் இறங்கியது.

முறுக்குக்கு மாவு பிசைந்துவிட்டு, "அத்தான், இங்க வந்து உப்பு பாருங்க" என்று கூப்பிட்டேன். அடுக்களை வாசல் வரை வந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எப்படி எழுதுவது? எதையோ வாங்க ஆசையாகக் கை நீட்டிய பிள்ளையிடம் இல்லை என்று சொன்ன மாதிரி. மாவை வாயில் போட்டுக்கொள்ளாமலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம்.

"பஸ் ஸ்டாண்டுல என்ன அத்தான் இருக்கு?"

"நல்ல இரைச்சலா இருக்கும்" என்றார்.

நான் சாப்பிடக் கூப்பிட்டாலே எங்காவது கிளம்பிவிடுகிறார். துக்கம் மனுஷனை ஓரிடத்தில் இருக்க விடாது. இன்னும் அதிகமாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்று முழுவதும் பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்கூடக் கதை, மதுரைக் கதை, தாளில் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிற கூத்து. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறாரோ என்று பார்த்தால் கண் ஓரத்தில் தண்ணீர்.

சாயங்காலம் அக்கா மகன் ரூபன் மெல்போர்னிலிருந்து போன் செய்தான். லீவு கிடைக்கவில்லையாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான். அப்பாவும் மகனும் கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் அத்தான், "சரி, உன் இஷ்டம்போலப் பண்ணு" என்றது என் காதில் விழுந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ரூபன் என்னிடம், "அப்பா எப்படி இருக்காங்க சித்தி?" என்றான். தேறி வருகிறார் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்வான்?

கேரல் பாட வந்தவர்கள் பக்கத்து வீடு வரை வந்தார்கள். அத்தான் வாசல் விளக்கை அணைத்தார். அவர்களும் புரிந்துகொண்டு தாண்டிப் போனார்கள்.

டிசம்பர் 25, புதன்

விடியற்கால ஆராதனைக்கு அத்தானே கிளம்பி வந்தார். கிருபா இருந்தால் விடமாட்டாள் என்று சொல்லிக்கொண்டு வேட்டி கட்டினார். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பனி கொட்டியது. சால்வையை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆண்கள் பக்கம் இடமில்லை என்று எனக்கு முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். முதல் பாட்டு. தொண்டையைத் திறந்து பாடினேன். அக்காவுக்கும் சேர்த்துப் பாடுகிறதாக நினைத்துக்கொண்டேன். இரண்டாவது சரணம் வருகிறதற்குள் எழுந்து போய்விட்டார். வெளியே பைக்குகள் நிற்கிற இடத்தில், ஒரு வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"தலை சுத்துது. நீ போயிப் பாடு. போ ஜெயா."

ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மதியம் கோழி சமைத்தேன். அவர் மோர் மட்டும் குடித்தார். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

பனியில் நின்றதில் தொண்டை கட்டிவிட்டது. பேச்சு துளிக்கூட வரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் ஜெபத்துக்குப் பதில் வந்திருக்கிறது.

இன்னும் எனக்குக் குரல் இல்லை. சைகையும், தாள் ஓரத்தில் கிறுக்கிக் காட்டுவதுமாக ஓட்டுகிறேன். காலையில் அத்தான் தானே அடுப்படிக்கு வந்து மிளகும் சுக்கும் தட்டிக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். "குடி, காந்தும், ஆனா குடி" என்று பக்கத்திலேயே நின்றார். எனக்கு யாராவது இப்படி எதையாவது கலக்கிக் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

தோசை வைத்தேன். தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் ஒன்று என்று கை காட்டினார்! சாப்பிட்டுக்கொண்டே அவராகப் பேசினார். கல்யாணத்தன்றைக்குச் சர்ச்சுக்குப் போகிற வழியில் கார் நின்று, அக்கா பட்டுச் சேலையோடு இறங்கித் தள்ளியதை. "நான் உள்ள மாப்பிள்ளையா நிக்கேன், இவ கையெல்லாம் கிரீஸோட வாரா. பாதிரி ஐயர், 'மோதிரம் போடணும், கையைத் துடைம்மா'ன்னுட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சத்தமில்லாமல் சிரித்தேன்.

மதியம் என் தாள்களுக்கு மார்க் கூட்டிக் கொடுத்தார். ஒரு இடத்தில் நான் தப்பாகக் கூட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, "டீச்சரம்மா!" என்றார்.

டிசம்பர் 28, சனி

முகம் மழித்திருக்கிறார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்குமுன்பே போட்டுக்கொண்டார். சந்தைக்குப் போய்ச் சாளை மீன் வாங்கி வந்து, "நீ பேசாண்டாம், கழுவ மட்டும் செய்யி, குழம்பு நான் வைக்கேன்" என்றார். காரம் கூடிப்போனது. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டோம். படுக்கையறைக் கதவையும் ஜன்னலையும் எல்லாம் திறந்துவிட்டார்.

மேற்கு அறை ஜன்னலைக் காட்டி, திரை வாங்கலாமா, என்ன நிறம் என்று எழுதிக் காட்டினேன். நான் இங்கே வருவது நடக்காமல் போனால் திரை வீணாகிவிடுமே என்று ஒரு எண்ணம். ஊதா வேண்டாம், வெளிர் பச்சை போடு என்றார். பிறகு, "நீ வந்துட்டா எனக்கும் துணைதான்" என்றார்.

அந்த வார்த்தையை அப்படியே எழுதி வைக்கிறேன். நீ வந்துட்டா எனக்கும் துணைதான்.

ரிட்டயர் ஆனதும் பள்ளிக் குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்வேன் என்று தலைமையாசிரியை இரண்டு தரம் ஜாடையாகக் கேட்டாயிற்று. பள்ளி திறந்ததும் அவரிடம் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் எழுந்து இருமியபோது குரல் வந்துவிட்டது தெரிந்தது. பழையபடி தெளிவாக. அத்தான் பின்கட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்தே, "அத்தான், காப்பி!" என்று கூப்பிட்டேன்.

வாளி விழுந்தது. "வாரேன் கிருபா, வாரேன்" என்றார். வந்தார். வாசலில் என்னைப் பார்த்தார். நான் டம்ளரோடு நின்றேன்.

என்னைத் தாண்டிப் போய்ப் படுக்கையறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார். தட்டினேன். கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட உள்ளே அழுகை கூடியது. ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. "கூப்பிடாத... கூப்பிடாத தாயி, கூப்பிடாத" என்று கெஞ்சினார். எனக்குப் பயம். சர்க்கரை கூடி என்னவாவது ஆகிவிட்டால்? நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தலையைச் சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டதும்தான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஓடிப்போய்ச் சொர்ணம் மதினியைக் கூட்டி வந்தேன். அவர், "அண்ணாச்சி, நான் சொர்ணம் வந்திருக்கேன், திறங்க" என்றார். திறந்துவிட்டார். ஒரே வார்த்தைக்கு.

டிசம்பர் 30, திங்கள்

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அத்தான் ஸ்டூலை எடுத்துவந்து அடுக்களை வாசலில் போட்டு உட்கார்ந்தார். நெற்றி வீங்கியிருந்தது.

"ஜெயா, நான் சொல்லி முடிக்கது வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

தலையாட்டினேன்.

"உன் மேல ஒரு குத்தமும் இல்ல. அத முதல்லயே சொல்லிருதேன். நீ சமைச்சுப் போட்டே, மாத்திரை எடுத்துக் குடுத்தே. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்துட்டு, எனக்குன்னு லீவு முழுக்க வந்து கிடக்கே. ஆனா நீ அத்தான்னு கூப்பிடுதேல்லா, அப்போ கிருபா செத்ததே எனக்கு மறந்து போகுது. கண்ண மூடித் திறக்குத நேரந்தான். அதுக்குள்ள அவ அடுக்களையில நிக்கா. நான் எந்திரிச்சு வாரேன். வந்தா நீ நிக்க. அப்போ அவ மறுபடி சாவுதா. ஆகஸ்ட்ல ஒரு தடவதான் செத்தா. நீ வந்த பிறகு, ஒரு நாளைக்கு எத்தன தடவ சாவுதா தெரியுமா?"

பருப்பு பொங்கி வழிந்தது. அடுப்பைக் குறைத்தேன்.

"முதல் நாள் கேட்டுல கூப்பிட்டியே. நான் ஓடி வந்தேனே. உனக்குன்னா நினைச்சே?"

இதற்கு நான் தலையாட்டவில்லை.

"நான் பேசாம இருந்துக்கிடுதேன் அத்தான்" என்றேன். குரலை இறக்கி, காற்று மாதிரிதான் சொன்னேன். அதற்கே கண்ணை மூடிக்கொண்டார். "தொண்டை கட்டியிருந்துச்சே, அது மாதிரி. எழுதிக் காட்டுதேன். எனக்குப் பழகிரும்."

"வாயுள்ள பிள்ளைய ஊமையாக்கி வீட்டுல வச்சிக்கிட்டு, எப்போ மறந்து கூப்பிட்டுருவாளோன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கவா? கிருபாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவரே மேலே சொன்னார். ரூபன் வீட்டை விற்றுவிடலாம் என்கிறானாம். அன்றைக்குப் போனில் சரி என்றது அதைத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியவர்கள் தங்குகிற இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான்.

"அங்க உங்களுக்கு யாரத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது. தெரிஞ்ச குரலே இருக்காது. அதான் போறேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மேற்கு அறை விஷயம்... நீ வந்தா துணைன்னு சொன்னேன்லா. பொய் சொல்லல ஜெயா. அப்போ நீ பேசல" என்றார்.

நான் அழவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறப்போட வேண்டியிருந்தது.

டிசம்பர் 31, செவ்வாய்

தாள் எல்லாம் திருத்தி முடித்தாயிற்று. முந்திரிக்கொத்து டப்பாவைச் சொர்ணம் மதினியிடம் கொடுத்துவிட்டேன். அத்தானை அவ்வப்போது வந்து பார்க்கச் சொன்னேன். மாத்திரை எந்த நேரம் எது என்று சொல்லிக் கொடுத்தேன்.

"நீ இன்னும் பத்து நாளு இருந்துட்டுப் போலாம்லா? உன்னப் பாத்தா அவருக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். பள்ளிக்கூடம் திறக்கிறது என்றேன்.

வீட்டில் நாள் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் இரண்டு வேளையும் சாப்பிட்டார்.

ஜனவரி 1, புதன்

புதுவருஷ ஆராதனைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டியும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்புகிற நேரம், "உடம்பப் பாத்துக்க" என்றார்.

போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவரும், போயிட்டு வா என்று சொல்லவில்லை.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. தாள் கொடுத்தேன்.

ஜனவரி 25, சனி

ரூபன் போன். வீட்டு விஷயம் பேசி முடித்தாயிற்றாம். அத்தானை அவன் நண்பன் ஒருவன் காரில் கூட்டிப்போய் இல்லத்தில் விட்டு வந்திருக்கிறான். இடம் நன்றாக இருக்கிறதாம், மரமெல்லாம் இருக்கிறதாம்.

"ஆனா யார்கிட்டயும் பேச மாட்டேங்காங்களாம் சித்தி. சரியா சாப்பிடலயாம். வார்டன் சொன்னார். நீங்க ஒரு போன் போட்டுப் பேசுங்களேன். உங்க குரலக் கேட்டா அம்மா பேசுன மாதிரி இருக்கும் அவங்களுக்கு."

"சரிப்பா" என்றேன்.

அவனுக்கு அவர் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. போன் செய்யப்போவதும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஹாஸ்டல் ஒன்று பார்த்துவிட்டு வந்தேன். அறைக்கு இரண்டு பேர். மே கடைசியில் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வந்தவள் சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அக்காவின் போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். ஆகஸ்டுக்குப் பிறகு அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்பதையே இன்றைக்குத்தான் நினைத்தேன்.

ஒரு எண்ணம் வந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன்.

"ஏட்டி ஜெயா, சாப்பிட்டியாட்டி?"

வந்தாள். அப்படியே வந்தாள். பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. "இல்லக்கா" என்று பதில்கூடச் சொல்லிவிட்டேன்.

கண்ணைத் திறந்தேன். கட்டிலும் சுவரும்தான் இருந்தன.

அத்தான் அந்த வீட்டில் அத்தனை நாள் எப்படித் தாங்கினார்? எனக்கு இந்த ஒரு தடவையே போதும்.